காதால் போட்ட மதிப்பெண்

விடைத்தாளை எறும்பு மொய்க்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நெல் காயப்போடும் நீலத் தார்ப்பாயைக் கூடத்தில் விரித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைத் தாள்களை அதன் மேல் பரப்பி, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டிருந்தோம். தாள் பறக்காமல் இருக்க டம்ளர், கரண்டி, பூட்டு, உரித்த தேங்காய் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மேலே வைத்திருந்தோம். தாள்களில் பாலும் சந்தனமும் மணந்தன. அந்த மணத்துக்கு வாசல்படியிலிருந்து எறும்புகள் வரிசை கட்டி வந்தன. என் மனைவி ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை வைத்து அவற்றைத் தட்டிவிட்டபடி, என்னைத் திட்டக்கூட நேரமில்லாமல், குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கீழ்வேளூர்ப் பக்கத்தில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் அவள் தமிழாசிரியையாக இருந்தாள். நான் பத்தாவது வரைதான். அப்பா விட்டுப்போன நிலத்தைப் பார்த்துக்கொண்டு, காலையில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலைத் திறந்து விளக்கேற்றிவிட்டு வயலுக்குப் போகிறவன். எம்.ஏ. படித்த பெண்ணை எனக்குக் கொடுத்தபோது ஊரில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். அவள் காதில் அது விழுந்ததாகவே காட்டிக்கொண்டதில்லை. பிள்ளைகள் அவளைத் தமிழம்மா என்பார்கள். நான் வீட்டில் கேலியாக டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசிவரை அதுவே நிலைத்துவிட்டது. போன வருஷத்துக்கு முந்தின மாசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் சமைத்ததும் சிரித்ததும் முன்னால் வருவதில்லை, பேப்பர் திருத்திய முகம்தான் வருகிறது.

பேப்பர் திருத்துவதில் அவளுக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. பசியோடு உட்கார மாட்டாள். என்னோடு சண்டை போட்ட அன்று கட்டைப் பிரிக்கவே மாட்டாள். முதல் தடவை பென்சிலால் கடைசிப் பக்கத்தின் மூலையில் சின்னதாக மதிப்பெண்ணைக் குறித்து அந்த மூலையை மடித்துவிடுவாள். சில நாள் கழித்து, அதைப் பிரித்துப் பார்க்காமல், கட்டைத் தலைகீழாகப் புரட்டி, கடைசித் தாளிலிருந்து மறுபடி படித்துத்தான் சிவப்பு மையைத் தொடுவாள். ஏன் இந்த இரட்டை வேலை என்று ஒருமுறை கேட்டேன். "முதல்ல வர்ற பிள்ளைக்கு என் தெம்பும், கடைசியில வர்ற பிள்ளைக்கு என் அலுப்பும் போகக் கூடாதுல்ல" என்றாள். வருஷா வருஷம் கோடையில் அரசுத் தேர்வு முகாமுக்கு நாகப்பட்டினம் போவாள். அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் விடைக்குறிப்பு கொடுப்பார்கள், திருத்தியதை மேலே ஒருவர் சரிபார்ப்பார். கட்டுரைக்கு மட்டும் எந்தக் குறிப்பும் போதவில்லை என்பாள். உட்தலைப்புக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தாலும், நடை என்பதை அளக்கும் படி எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்பாள்.

என் பங்குக்கு ஒரு பழக்கம் உண்டு. அவள் கொண்டுவரும் கட்டைத் திருத்தி முடிக்கும்வரை பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குக் கீழ்த்தட்டில் வைத்திருப்பேன். எந்தப் பிள்ளைக்கும் குறைவு வரக் கூடாது என்று ஒரு வேண்டுதல், அவ்வளவுதான். அவள் தடுத்ததில்லை. "வைங்க. ஆனா பிள்ளையார் மார்க் போட மாட்டாரு, நான்தான் போடணும்" என்று சிரிப்பாள்.

அந்த வருஷத்துக் கட்டு சாதாரணக் கட்டு இல்லை. எங்கள் ஊரில் ஒரு பழைய குடும்பத்தார் வைத்த அறக்கட்டளை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிற பிள்ளைகளில் ஒருவருக்கு, ஒரே ஒருவருக்கு, கல்லூரிப் படிப்பு முழுவதையும் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். யாருக்கு என்பதை ஒரு கட்டுரைத் தேர்வு முடிவு செய்யும். முன்பெல்லாம் இரண்டு தமிழாசிரியர்கள் சேர்ந்து திருத்தினார்கள். ஒருவர் ஓய்வுபெற்று அந்த இடம் காலியாகவே கிடந்தது. அந்த வருஷம் தேர்வு எழுதியவர்களில் என் தங்கை மகளும் ஒருத்தி.

எங்களுக்குக் குழந்தை இல்லை. தங்கை வீடு அடுத்த தெரு. அவள் மகள் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். மச்சான் வளைகுடாவில் வேலை பார்த்து, அந்த வேலை போய்த் திரும்பி வந்திருந்த சமயம் அது. படிக்க வைக்க வழி என்ன என்று தங்கை என்னிடம் கண் கலங்கியிருக்கிறாள். என் மனைவி தலைமையாசிரியரிடம் போய், சொந்தக்காரப் பிள்ளை எழுதுகிறது, வேறு யாரையாவது திருத்தச் சொல்லுங்கள் என்று கேட்டாள். "உங்களை விட்டா யாரு இருக்கா டீச்சர்? பேருக்குப் பதிலா நம்பர்தான் இருக்கும், கவலைப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார். அவளுக்கு நிம்மதி வரவில்லை. நம்பர் இருந்தால் என்ன, கையெழுத்தே பேரைச் சொல்லிவிடுமே என்றாள். அதுவும் அந்தக் கையெழுத்து. சின்ன வயதில் அந்தப் பெண்ணை மடியில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து எழுத வைத்தவள் இவள்தான். இருவர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது.

பென்சில் மதிப்பெண் போட்டு முடித்து, இரண்டாம் தடவைக்காகக் கட்டு கீழ்த்தட்டில் காத்திருந்தது. அன்று சங்கடஹர சதுர்த்தி. பிள்ளையாரைத் தாம்பாளத்தில் வைத்துப் பாலும் சந்தனமும் தண்ணீருமாக அபிஷேகம் செய்தேன். கட்டை முதலில் நகர்த்தி வைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. நிறைந்த தாம்பாளத்தைத் தூக்கும்போது ஒரு பக்கம் சரிந்து, அபிஷேகத் தண்ணீர் முழுவதும் கட்டின் மேல் போயிற்று. நான் போட்ட சத்தத்தில் அவள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். கயிற்றை அவிழ்த்து, தாள்களைப் பிரித்துப் பிரித்து என் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் காய்ந்த தாள்களைப் பார்த்தபோதுதான் சேதம் புரிந்தது. ஜெல் பேனாவில் எழுதியவை நீலமாகக் கரைந்து பரவியிருந்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிதானமாகப் பார்த்தால் படிக்கலாம், அவ்வளவுதான். பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தி எழுதியவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். எனக்கு அப்போது கண்பார்வை நன்றாக இருந்தது. கரைந்துபோனதை மட்டும் நான் படித்துச் சொல்கிறேனே என்றேன். அவள் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"கொஞ்சம் பேருக்குக் கண்ணாலயும் கொஞ்சம் பேருக்குக் காதாலயும் போடறது நல்லா இருக்காதுங்க. படிக்கிறதுன்னா எல்லாத்தையும் படிச்சுடுங்க."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. நான் வெளிச்சம் விழும் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, முறத்தில் உளுந்தைப் போட்டுக் கல் பொறுக்க ஆரம்பித்தாள். சும்மா இருந்தால் திரும்பிப் பார்க்கத் தோன்றும் என்றாள். அவள் சொல்லும் மதிப்பெண்ணை நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் நான் எழுதிக்கொள்ள வேண்டும். மடித்த மூலையைப் பிரிக்கக் கூடாது.

முதல் தாளையே நான் தடுக்கித் தடுக்கிப் படித்தேன். அவள் நிறுத்தச் சொன்னாள். நீங்கள் தடுமாறினால் நஷ்டம் அந்தப் பிள்ளைக்கு, முதலில் மனசுக்குள் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள், அப்புறம் வாய்விட்டுப் படியுங்கள் என்றாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் சொல்லிக் கேளாததை அன்று கேட்டேன். ஒவ்வொரு தாளையும் உதடு அசையாமல் ஒருமுறை, உரக்க ஒருமுறை. கட்டுரைத் தலைப்பு 'எங்கள் ஊர் வாய்க்கால்'. எத்தனை பிள்ளைகள் எழுதினாலும் வாய்க்கால் ஒன்றுதான். ஆனாலும் எத்தனை விதமாக எழுதியிருந்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

நடுவில் ஒரு தாள் வந்தது. மை கரைந்திருந்தாலும் எனக்கு அந்த எழுத்தைத் தெரியாதா? படிக்க ஆரம்பித்தேன். சோழவள நாட்டின் உயிர்நாடி, ஆண்டு முழுவதும் வற்றாமல் ஓடி வயிற்றுக்குச் சோறிடும் அன்னை என்று போயிற்று. என்னை அறியாமல் குரல் நீண்டது போலிருக்கிறது. அவள் திரும்பாமலே சொன்னாள்.

"ஏன் இதை மட்டும் இழுத்து இழுத்துப் படிக்கிறீங்க? கோயில்ல அர்ச்சனைச் சீட்டைப் பாத்துப் பேரு, நட்சத்திரம் படிப்பீங்கல்ல, அது மாதிரி படிங்க."

திரும்ப ஆரம்பத்திலிருந்து அர்ச்சனைச் சீட்டு மாதிரி படித்தேன். முறத்தில் உளுந்து புரளும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓர் இடத்தில் மட்டும், "வத்தாமயா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எங்கள் ஊர் கடைமடை. தைக்கு மேல் வாய்க்காலில் தண்ணீரைத் தேடத்தான் வேண்டும். மதிப்பெண்ணைச் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

அதற்கு அப்புறம் நாலைந்து தாள் கழித்து வந்தது கோழி கிளறிய மாதிரி இருந்தது. கோட்டுக்கு மேலே பாதி, கீழே பாதி. ஆனால் பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தி எழுதியதால் ஒரு சொல்கூட அழியவில்லை. மனசுக்குள் படித்து முடிக்கவே எனக்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு உரக்கப் படித்தேன்.

'எங்கள் வாய்க்காலில் தண்ணீருக்கு முன்னால் குப்பை வரும். மேலே இருக்கிற ஊர்களெல்லாம் வேண்டாம் என்று போட்டதை, ஒற்றைச் செருப்பை, கோயில் மாலையை, வைக்கோலை, நுரையோடு தள்ளிக்கொண்டு தண்ணீர் மெதுவாக வரும். மதகிலிருந்து என் அப்பா அதன் கூடவே கரையில் நடந்து வருவார். விருந்தாளியை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டி வருகிறவர் போல, வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே வருவார். எங்கள் வயல் வாய்மடைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார்.'

உளுந்துச் சத்தம் நின்றிருந்தது. நான் தாளிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தேன். அவள் கை முறத்தின் மேல் அப்படியே இருந்தது. மீதியையும் படித்து முடித்தேன்.

"இது நான் முதல்ல படிச்ச கட்டுலதான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

எல்லாமே அதே கட்டுதான் என்றேன்.

"இந்த வரியெல்லாம் என் கண்ணுல படவே இல்லீங்களே."

எல்லாம் முடிந்த பிறகு மடித்த மூலைகளைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தோம். ஐம்பதுக்குப் போட்ட மதிப்பெண்கள். என் தங்கை மகளுக்குப் பென்சிலில் நாற்பத்து நாலு, எல்லோரிலும் அதுதான் முதல். காதால் கேட்டது முப்பத்து மூன்று. அந்தக் கிறுக்கல் கையெழுத்துக்காரனுக்குப் பென்சிலில் இருபத்தாறு, காதால் கேட்டது நாற்பத்து மூன்று. மற்றவர்களுக்கும் ஏறியும் இறங்கியும்தான் இருந்தது. அழகாக எழுதியவர்களுக்கு அநேகமாக இறங்கியிருந்தது, அசிங்கமாக எழுதியவர்களுக்கு ஏறியிருந்தது. அதைச் சொல்லிக் காட்ட யாரும் தேவைப்படவில்லை. தாள்களை இரண்டு அடுக்காக அவளே பிரித்து வைத்தாள். வைத்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா நான் கையெழுத்துக்கு மார்க் போட்டுட்டு இருந்திருக்கேன்" என்றாள். என் தங்கை மகளின் தாளைத் தொட்டு, "அதுலயும் என் கையெழுத்துக்கு" என்றாள்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கண்ணுக்குச் சிரமமான எழுத்தைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே பொறுமை தீர்ந்துபோய்விடுகிறது, பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்க மனசில் இடமே இருப்பதில்லை, அது தெரியாமல் நடை சரியில்லை என்று எழுதிவிடுகிறேன் என்று தானே சொல்லித் தானே குமைந்தாள். அவள் கைப்பட்டுப் போன பிள்ளைகளின் முகமெல்லாம் வரிசையாக வந்திருக்கும். பேர் சொல்லவில்லை. நான் தேற்ற நினைத்து, நீ வேண்டுமென்றா செய்தாய், எல்லாவற்றையும் சாமி பார்த்துக்கொள்வார் என்றேன்.

"சாமி மேல போடாதீங்க. பேனா என் கையிலதான் இருந்துச்சு."

அப்போது நான் இன்னொன்றும் சொன்னேன். தாய்மாமன் மனசு. முதலில் போட்டதும் நீதானே, ஒரு தப்பு எண்ணமும் இல்லாமல்தானே போட்டாய், அது எப்படிப் பொய்யாகும் என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அதைப் போட்டவளும் நான்தான். அப்ப எனக்குத் தெரியாது. இப்ப தெரிஞ்சு போச்சேங்க. தெரிஞ்சப்புறமும் அதையே கொடுத்தா அது என்ன மார்க்கு?"

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு என் வண்டியிலேயே போனோம். தலைமையாசிரியர் கட்டைக் கையில் வாங்கியதும் முகர்ந்து பார்த்து, என்ன டீச்சர் பேப்பர் பிரசாதம் மாதிரி மணக்கிறது என்றார். அவள் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். தன் இரண்டு மதிப்பெண்களையும் அவர் முன்னால் வைத்தாள். இரண்டில் எதையும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஒன்று என் கண்ணை நம்பியது, இன்னொன்று என் வீட்டுக்காரர் வாயை நம்பியது, எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் படிக்க, சம்பந்தமில்லாத ஒருவர் கேட்டு மதிப்பெண் போடட்டும் என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். தண்ணீர் கதை வெளியே போனால் வீண் பேச்சு, பேசாமல் முதல் மதிப்பெண்ணையே கொடுத்துவிடலாமே என்றார். அவள் எழுந்து நின்று, அப்படியானால் தன் கையெழுத்தில்லாமல் கொடுங்கள் என்றாள். அவருக்கு வேறு வழியில்லை.

திருவாரூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து மூத்த தமிழாசிரியர் ஒருவரை வரவழைத்தார்கள். படித்தது உடற்பயிற்சி ஆசிரியர். மைதானத்தில் பிள்ளைகளைக் கூப்பிடும் குரலில் அவர் வாய்க்காலைப் பற்றிப் படித்தது தெருவரைக்கும் கேட்டதாம். என் மனைவி காதால் போட்ட மதிப்பெண்ணும் திருவாரூர் ஆசிரியர் போட்டதும் எல்லாத் தாளிலும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் நல்ல வித்தியாசமே இருந்தது. ஆனால் அந்தக் கிறுக்கல்காரன்தான் அவருக்கும் முதல். என் தங்கை மகள் முதல் ஐந்தில்கூட இல்லை. போகும்போது அந்த ஆசிரியர் இவளிடம், "நானும் வீட்டுக்குப் போய் என் கட்டை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேக்கணும் போல இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் எதுவும் மூடியிருக்குமா? தங்கை வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை.

"அண்ணி, தண்ணியைக் கொட்டினது அண்ணன். அதுக்கு என் பொண்ணு படிப்பை எதுக்குக் கொட்டிக் கவுத்தீங்க? ஊர்ல அவளவள் சொந்தத்துக்கு மார்க்கைத் தூக்கிப் போடுவா, உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தா இப்படிச் செய்வீங்களா?" அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏண்ணே, நீ படிச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா? உன் மார்க் ஷீட்டை அப்பா எரவானத்துல சொருகி வச்சிருந்தாரே. நீ படிச்சு என் பொண்ணுக்கு மார்க்காக்கும்."

தங்கை போன பிறகு வாசலில் அவள் நின்ற இடத்தையே என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தீபாவளிக்குத் தங்கை வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பொங்கல் சீரை எடுத்துக்கொண்டு நான் போனபோது மச்சான்தான் வாங்கிக்கொண்டார். அந்தப் பெண்ணைத் திருவாரூரில் ஒரு கலைக்கல்லூரியில் எப்படியோ சேர்த்திருந்தார்கள். நாங்கள் ஏதாவது செய்கிறோம் என்று சொல்லி அனுப்பியதற்குப் பதில் இல்லை. பஸ்ஸுக்கு அவள் எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். சுற்றிக்கொண்டு கோயில் பக்கமாகப் போனாள். என் மனைவி காலையில் அந்த நேரத்துக்கு வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள்.

மாசியில் ஒரு மத்தியானம், வெயில் நேரம், அந்தப் பெண் தானாக வந்து கதவைத் தட்டினாள். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கட்டுரைத் தாளைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். அத்தையைப் பார்க்கவில்லை.

"படிச்சுக் காட்டுங்க மாமா. அன்னைக்கு எப்படிப் படிச்சீங்களோ அப்படியே."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, அர்ச்சனைச் சீட்டுக் குரலில் படித்தேன். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வற்றாமல் ஓடும் அன்னை என்ற இடம் வந்தபோது அவள் உதடு கோணிற்று. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"போதும் மாமா, எனக்கே தூக்கம் வருது. வத்தாம ஓடுமாம்ல. இப்ப வர்ற வழியில அதுக்குள்ள ஆடு மேயுது." அதற்கப்புறம்தான் அத்தையின் பக்கம் திரும்பினாள். "அத்தை, முதல் தடவை எனக்கு எதுக்கு அவ்வளவு மார்க் போட்டீங்க?"

தங்கை கேட்காத கேள்வி, ஊர் கேட்காத கேள்வி. என் மனைவி முகம் மாறிப்போயிற்று. "பாக்க அழகா இருந்துச்சுடி. என்னை மறந்து போட்டுட்டேன்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அந்தப் பெண் அருகில் வந்து உட்கார்ந்து, அப்போ அழகாக எழுதுவது தப்பா அத்தை என்று கேட்டாள். தப்பில்லை, ஆனால் நான் மார்க் போட வேண்டியது எழுத்தின் அழகுக்கு இல்லையே என்றாள் இவள். அன்றைக்கு மத்தியானம் அந்தப் பெண் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனாள். தங்கைக்கு மனசு சரியாக இன்னும் இரண்டு பொங்கல் ஆயிற்று.

அதற்குப் பிறகு என் மனைவி பேப்பர் திருத்தும் விதமே மாறிவிட்டது. மொத்தக் கட்டையும் நான் படிக்க முடியாது. அவளுக்குச் சந்தேகம் வரும் தாள்களை மட்டும் தருவாள். அவளே படிக்கும்போதும் உதட்டை அசைத்து ஒவ்வொரு சொல்லாக முணுமுணுத்துத்தான் படிப்பாள். முகாமில் மற்ற ஆசிரியர்கள், தமிழம்மா பேப்பருக்கு மந்திரம் சொல்கிறார்கள் என்று கேலி செய்வார்களாம். இவள் கட்டு முடிய எப்போதும் தாமதம், மேலிருப்பவர்களிடம் பேச்சும் வாங்கியிருக்கிறாள். இன்னொரு பயமும் அவளுக்கு வந்துவிட்டது. முத்து முத்தாக எழுதும் பிள்ளையின் தாள் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். எங்கே வேண்டுமென்றே குறைத்துவிடுவேனோ என்று இருக்கிறதாம். ஒரு பக்கம் சாய்ந்த தராசை நிமிர்த்தப் போய் அடுத்த பக்கம் அழுத்திவிடக் கூடாதே என்பாள். அதனால் அந்தத் தாள்களும் என்னிடம் வரும். அப்படி வந்தவற்றில் எழுத்தைப் போலவே சொன்னதும் அழகாக இருந்தவை நிறைய. அப்போது அவளுக்கு ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதைப் பார்ப்பதற்காகவே நான் படித்திருக்கிறேன்.

அந்தக் கிறுக்கல்காரப் பையன் படித்து முடித்து இப்போது வெளியூரில் எங்கோ இருக்கிறான். நல்லபடியாக இருக்கிறானாம். தங்கை மகளும் படித்து, கல்யாணமாகி, ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவர்கள் இன்று என்னவாக இருக்கிறார்கள் என்பதால் அன்று போட்ட மதிப்பெண் சரி என்றோ தவறு என்றோ ஆகிவிடாது என்று என் மனைவி சொல்வாள். எழுதிய அன்று எழுதியதற்குப் போட்டதா என்பதுதான் கேள்வியாம். அவள் போன பிறகு பிள்ளையார் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கும் ஒரு வேண்டுதல் கூடியிருக்கிறது. என் வாழ்க்கையும் கோணல் மாணலாக எழுதிய தாள்தான். மேலோட்டமாகப் பார்த்துத் தள்ளிவிடாமல், ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் சாமி என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவள் இடத்துக்கு வந்திருக்கும் ஆசிரியை வயதில் சின்னவர். அறக்கட்டளைத் தேர்வு வரும்போது அவர் எனக்குப் போன் செய்கிறார். பள்ளி நூலக அறையில் ஜன்னலோரம் எனக்கு ஒரு நாற்காலி போடுகிறார்கள். இப்போது எனக்கும் கண்ணாடி வந்துவிட்டது. சொந்தக்காரப் பிள்ளை யாரும் எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். மனசுக்குள் ஒருமுறை, உரக்க ஒருமுறை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு மதிப்பெண் சொல்வார்.

இந்த வருஷம் ஒரு தாள் வந்தது. கையெழுத்து நான் பார்த்ததில்லை. எழுதிய பெண் தன் அம்மாவின் கால் விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணைப் பற்றி எழுதியிருந்தாள். சாயங்காலம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டு மறுநாள் மறுபடி நடவுக்கு இறங்குவதையும், எந்த வயலில் முதலில் இறங்குவாள் என்பதையும் எழுதியிருந்தாள். அது என் வயல். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். கூலிக்குப் பதிலாக ஒருமுறை, மகளுக்குப் பேனா வாங்கித் தாங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டவள். நான் உரக்கப் படித்துக்கொண்டே போனேன். பாதி வழியில் என் குரல் எனக்கே கேட்டது. அது இளகியிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் அந்த ஆசிரியையின் மடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினேன்.

அவர் கண்ணைத் திறந்து, "என்னய்யா?" என்றார்.

"ஒண்ணுமில்ல டீச்சர். முதல்லேருந்து திரும்பப் படிக்கிறேன்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தலைப்பிலிருந்து, பேரும் நட்சத்திரமும் படிப்பது போல, ஒரு சொல்லையும் உயர்த்தாமல், ஒரு சொல்லையும் தாழ்த்தாமல் படித்து முடித்தேன். அவர் ஓர் எண்ணைச் சொன்னார். எழுதிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தேன்.